யாரும் தொடவில்லை

யாரும் என்னைத் தொடவில்லை.
கேட்பவர்களிடம் அதைத்தான் முதலில் சொல்கிறேன்,
தொட்டிருந்தால் கொஞ்சம் மானமாவது மிஞ்சியிருக்கும்.
பந்து கையில். இடப்பக்க மூலை.
எம்பி இறங்கினேன்,
கால் நின்றது, நான் திரும்பினேன்.
உள்ளே யாரோ சொடக்குப் போட்டார்கள்.
கிளாக்ஸ்விக் ஹேண்ட்பால் அரங்கில் நானூறு பேர்,
எனக்கு மட்டும்தான் கேட்டது.

மூட்டுக்குள் ஒரு சிலுவை இருந்ததே
அறுந்த பிறகுதான் தெரிந்தது.
தொடையின் பின்னாலிருந்து நாணை உருவி,
நாலாக மடித்து,
எலும்பில் துளையிட்டுக் கோத்திருக்கிறோம்
என்றார் தோர்ஷாவ்ன் மருத்துவர்.
வலை செப்பனிடுகிறவரின் விரல்கள் அவருக்கு.
என் காலிலிருந்து எடுத்து
என் காலுக்கே கடன்.

படுக்கையில் உட்கார்ந்து
என் தொடைக்கு உத்தரவிட்டேன்: இறுகு.
மழையில் நிற்கும் செம்மறி மாதிரி
அது காதில் வாங்காமல் கிடந்தது.
ஆடிய கால் சும்மா இருக்காது என்பார்கள்.
இருந்தது. ஒன்பது நாள்.
பத்தாம் நாள் முட்டிக்கு மேலே
தோல் ஓர் இழை துடித்தது.
எழுப்பிச் சொல்லப் பக்கத்தில் ஆளில்லை,
ரோய் கடலில்.

மடங்குவது வந்துவிடும், நீட்டுவதுதான் பாடு
என்றாள் பிசியோதெரபிஸ்ட் ஹைத்ருன்,
பிளாஸ்டிக் கோணமானியைத் தட்டி.
இன்னும் இரண்டு டிகிரி பாக்கி.
அந்த இரண்டுக்காக
குதிகாலுக்கடியில் சுருட்டிய துண்டு,
முட்டிமேல் மூன்று கிலோ சர்க்கரைப் பொட்டலம்,
பத்து நிமிடம்.
ஜன்னலுக்கு வெளியே சால்மன் கூண்டுகளின் வட்டம்.
எண்ணினேன். பன்னிரண்டு.
நேற்றும் பன்னிரண்டு.

இழுவைப் படகிலிருந்து ரோய் அழைப்பான்.
எப்படி இருக்கிறாய்?
நூற்றுப் பதினெட்டு.
பரவாயில்லை, போன வாரம் நூற்றுப் பத்து.
பிறகு அங்கே காற்று, இங்கே ஃபிரிட்ஜின் முனகல்.

என் மூலையில் இப்போது மார்யுன் ஆடுகிறாள்.
பதினெட்டு வயது.
நல்ல பெண் வேறு, அதுதான் கஷ்டம்.
என் சட்டை எண்ணை அவள் கேட்கவில்லை;
கேட்டிருந்தால் நிம்மதியாக வெறுத்திருப்பேன்.
அவள் எம்பும்போது என் கைகள் தட்டத் தயாராகும்,
இறங்கும்போது என் முட்டி கூசும்.
கோல் விழுந்ததா என்று
பக்கத்து இருக்கையில் கேட்டுத் தெரிந்துகொள்வேன்.

ஒன்பதாம் மாதம் சோதனை.
ஒற்றைக் காலில் தாண்ட வேண்டும்,
தரையில் ஒட்டிய டேப்பிலிருந்து.
வலது காலின் தூரத்தில்
இடது கால் தொண்ணூறு விழுக்காடாவது தொட்டால்
ஆடலாம்.
எண்பத்தாறு.
உன் வலது கால் ரொம்பத் தேறிவிட்டது என்று சிரித்தாள் ஹைத்ருன்,
இத்தனை மாதம் இரண்டு பேர் வேலையை அதுதானே பார்த்தது.

மறுமுறை
வலது காலில் கொஞ்சம் குறைத்துத் தாண்டினேன்.
ஒரு சாண்கூட இல்லை,
நாலு விரற்கடை.
அவள் டேப்பைக் குனிந்து பார்க்கவில்லை,
என் முகத்தைப் பார்த்தாள்.
ஆறு வாரம் கழித்து வா, என்றாள்.
பென்சிலால் எதையோ எழுதினாள், எண்ணை அல்ல.

வெளியே மழை சாய்ந்து பெய்தது.
கார் நிறுத்துமிடத்தில் ஒருவருமில்லை.
பையைக் கீழே வைத்தேன்.
வெள்ளைக் கோட்டில் நின்று
இடது காலால்
ஒரே ஒரு முறை.

எவ்வளவு தூரம் என்று தெரியாது.
ஷூவுக்குள் தண்ணீர் போனது.