பதினேழாம் மாதிரி

லிபெரெட்ஸில் நவம்பர்.
கூடத்து ஹீட்டர் இன்னும் இருமிக்கொண்டிருக்கிறது.
ராத்கா கண்ணாடிச் சட்டத்தை
இயந்திரத்தின் இரு தாடைக்கும் கொடுக்கிறாள்.

அள்ளி அப்பினால் அசையாது என்று
லூபோர் ஒட்டிய பத்தும்
சொல்லிவைத்தாற்போல் பசையிலேயே கிழிந்தன.
இது அவள் ஒட்டியது.
மயிரிழைக் கனம்.
பூசினாளா என்றே கேட்டான்.

எண்கள் ஏறுகின்றன.
கண்ணாடி முனகாது, நெளியாது;
இருக்கும்.
பிறகு இராது.

பட்.

ஒட்டிய இடத்தில் இல்லை.
நாலு விரற்கடை தள்ளி,
வெட்டுச் சக்கரம் விட்டுப்போன
ஒரு கீறலில்.

சில்லுகளுக்கிடையே குனிந்து தேடுகிறாள்:
இணைப்பு முழுசாய்,
இருபுறமும் உடைந்த கண்ணாடியைக்
கவ்வியபடி.

உடைந்தது எது?
கண்ணாடி, என்று எழுதுகிறாள்.
பசையின் வலிமை?
பேனா நிற்கிறது.
'இதற்கு மேல்.
எவ்வளவு என்று
இந்தக் கண்ணாடியால் சொல்ல முடியவில்லை.'

லூபோர் பதினெட்டைத் துடைக்கிறான்,
விளிம்பில் நகத்தை ஓட்டி ஓட்டி.