திறந்தவெளியில் முந்நூறு மீட்டர்

டொல்கெத்லாய்க் கடையில் ஏழு வகை இருந்தது.
ஒவ்வொன்றாய் எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தான் கெத்தின்.
ஒன்றிலும் உயிரில்லை, எல்லாம் காட்சிப் பொம்மை.
ஆனாலும் ஒவ்வொன்றிலும் "ஹலோ" என்றான்,
கொஞ்சம் மரியாதையாக.

கடைப் பையன் யெஸ்டின் கேட்டுக்கொண்டே வந்தான்:
நீங்கள் இல்லாதபோது பதிவு செய்து வைக்கணுமா,
தொல்லை அழைப்பைத் தடுக்கணுமா,
பொத்தான் பெரிதாக இருக்கட்டுமா,
கறுப்பா, வெள்ளையா.
"ஆட்டுக் கொட்டகை வரை எட்டுமா?"
எங்களுக்கு அது ஒன்றுதான்.
பெட்டியைத் திருப்பினான். முந்நூறு மீட்டர்.
அதன் கீழே எறும்பு ஊர்ந்தது போல ஒரு சொல்:
திறந்தவெளியில்.

எங்கள் வீடு திறந்தவெளி அல்ல.
இரண்டடிக் கல்சுவர், பலகைக்கல் கூரை.
கைப்பேசிக்குச் சிக்னல் வேண்டுமென்றால்
குளியலறை ஜன்னலில் ஏறி
வலது கையை மழைக்கு நீட்ட வேண்டும்.
குட்டி ஈனும் மாதங்களில்
அவன் கொட்டகையில், நான் அடுப்படியில்,
நடுவே சேறு.
பேச வேண்டியதைச் சீட்டெழுதிக் கதவில் ஒட்டுவோம்.
ஊசிமருந்து தீர்ந்தது.
சூப் பானையில்.
பன்னிரண்டு வருடத்தில்
இருவருக்குமே நல்ல கையெழுத்து வந்துவிட்டது.

இரண்டு ரிசீவர் உள்ளதை வாங்கினோம்.
பதினாறு மணி நேரம் சார்ஜ் ஏறணும் என்றது கையேடு.
அதுவரை ஜன்னலோரம்
பட்டியில் அடைத்த இரட்டைக் குட்டிகளாய்
சிவப்புக் கண் விழித்துக் கிடந்தன.

மறுநாள் சோதனை.
"நீ எண்ணிக்கொண்டே இரு, ஹெய்ல்வென்.
எங்கே அறுகிறது என்று பார்க்கிறேன்."
ஆடு எண்ணும் பழக்கத்தில் வெல்ஷில்தான் எண்ணினேன்.
ஜன்னலில் அவன் தொப்பி நகர்ந்தது:
தண்ணீர்த் தொட்டி, டிராக்டர், முதல் கேட்.
பதினைந்தில் "கேட்கிறது."
இருபத்தெட்டில் "கேட்கிறது."
நாற்பத்தொன்றில் எனக்கு எண்கள் சலித்துவிட்டன.
மேசைமேல் கிடந்த மின்கட்டண ரசீதை வாசித்தேன்,
நிலைக்கட்டணம், வரி, பாக்கி.
"கேட்கி...", கரகரவென்று.
தொப்பி கொட்டகைச் சுவருக்குள் போய் மறைந்தது.

அப்போது, ஏனென்று தெரியவில்லை,
ரசீது வாசித்த அதே குரலில் சொன்னேன்:
வியாழக்கிழமை பாங்கர் மருத்துவமனையிலிருந்து பேசினார்கள்.
பழைய போனில்.
நீ பின்னங்கால் முதலில் வந்த குட்டியை
இழுத்துக்கொண்டிருந்தாய்.
மறுபடி ஒரு படம் எடுக்கணுமாம். இடது பக்கம்.
சீட்டில் எழுத வரவில்லை எனக்கு.

காதில் ஓர் இரைச்சல்.
பிறகு இரைச்சலும் இல்லை.
பிறகு மூன்று பீப்.

திரும்பி வந்தான். பூட்ஸைக் கழற்றினான்,
ஒன்றை மட்டும்.
"கொட்டகை வாசலோடு சரி.
உள்ளே போனால் செத்துவிடுகிறது."
கடைசியாக என்ன கேட்டது?
கழற்றாத பூட்ஸைப் பார்த்தான்.
"பாக்கி" என்றான்.

திங்களன்று வண்டியை எடுத்துப் போனான்.
கதவில் சீட்டு இல்லை.
சோப்புக்கட்டி அளவில் ஒரு வெள்ளைப் பெட்டியோடு வந்தான்.
ரிப்பீட்டராம். குரலை வாங்கி அடுத்த கைக்குக் கொடுக்குமாம்.
ஆணி விலைக்குப் பேரம் பேசுகிறவன்
விலையைச் சொல்லவே இல்லை.
கொட்டகை மாடத்தில், பால்புட்டிகளுக்கும் அயோடினுக்கும் நடுவே,
அதை அடித்து மாட்டும் சத்தம்
முற்றம் தாண்டி வந்தது.

அடுப்படியில் போன் கூவியது.
மணி என்று அதைச் சொல்ல முடியாது.
"கடைசி மூலையில் நிற்கிறேன்.
தெளிவாக இருக்கிறது. சொல்."
எதிலிருந்து? நாற்பத்தொன்றிலிருந்தா?
அவனுக்குப் பின்னால் ஆடுகள் கத்தின,
ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கேட்டது.
வைக்கோல் மிதிபடுவதுகூடக் கேட்டது.
"இல்லை" என்றான்.
"பாக்கிக்கு அப்புறம்."