மறுமதிப்பீடு

ஆண்டுக்கொரு முறை, மார்ச் மாதம்,
வெஸ்ட்வில் மேட்டில்
டாக்டர் தவனேசன் மூட்லி வீட்டுக்குப் போவேன்.
அவர் பல் டாக்டர். நான் காப்பீட்டு ஆள்.
பொருள்களைப் பார்த்து விலை எழுதுவது என் வேலை.
பியானோ, கம்பளம், நவமணி அம்மாளின் அட்டிகை,
கடைசியில் சுவரில் பதித்த இரும்புப் பெட்டி.

உள்ளே சிலிக்காப் பைகளுக்கு நடுவே
கறுப்பு ரேஞ்ச்ஃபைண்டர் கேமரா ஒன்று,
அதன் மூக்கில் முப்பத்தைந்து மில்லிமீட்டர் லென்ஸ்.
முதல் வருஷம் இரண்டுக்கும் சேர்த்துத்
தொண்ணூற்றிரண்டாயிரம் ராண்ட் எழுதினேன்.
"டிசம்பரில் டிராகன்ஸ்பெர்க் மலைக்கு எடுத்துப் போகிறேன்" என்றார்.
மறு வருஷம் லட்சத்துப் பதினெட்டாயிரம்.
"அங்கே ஈரம் அதிகம்" என்றார்.
அதற்கு மறு வருஷம் லட்சத்து அறுபது.
மலையைப் பற்றிப் பேச்சில்லை.
பெட்டிக்குப் புதுப் பூட்டு வந்திருந்தது.

ரொட்டி விலை ஏறினால் வயிற்றில் தெரியும்.
பெட்ரோல் ஏறினால் காலில் தெரியும்.
இது வேறு ஏற்றம்:
யாரும் ஒன்றும் செய்யாமலே
இருட்டில், துணி சுற்றிக் கிடந்தபடியே ஏறுவது.
தொட்டால் இறங்குவது.
கீறல் ஒன்றுக்கு இவ்வளவு,
விரல் தேய்ந்த பளபளப்புக்கு இவ்வளவு என்று
கழிக்க என்னிடம் அட்டவணை இருக்கிறது.

ஷட்டர் வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும். விதி.
வருஷத்துக்கு ஒரே ஒரு முறை அழுத்துவேன்.
அந்தப் பொத்தானைத் தொடுகிறவன் நான் மட்டும்தான்.

முதல் வருஷமே,
பல்வலிக்காரர் ஒருவர் போனில் பிடித்துக்கொள்ள
டாக்டர் தோட்டத்துக்குப் போன பத்து நிமிஷத்தில்
என் பையிலிருந்த கறுப்பு வெள்ளைச் சுருள் ஒன்றை
உள்ளே மாட்டிவிட்டேன்.
ஏன் என்று தெரியாது.
கேட்பாரும் இல்லை. திறப்பாரும் இல்லை.

பார்க்கும் சன்னலின் நடுவே மங்கிய சதுரம் ஒன்று இருக்கும்.
அதற்குள் எல்லாம் இரண்டாகத் தெரியும்.
வளையத்தைத் திருப்பத் திருப்ப
ஒன்றன்மேல் ஒன்று வந்து உட்காரும்.
மூன்றாம் வருஷம், கதவு வழியே, நவமணி அம்மாள்
எண்ணெய் தடவிய கத்தியோடு பலாப்பழத்துக்கு முன்னால்.
இரண்டு நவமணி, நான்கு கை.
திருப்பினேன். ஒருத்தி.
அழுத்தினேன்.
துணிக்குள் நகம் பட்ட மாதிரி ஒரு சத்தம்.

ஒரு வருஷம் நாய். மறு வருஷம் நாயின் கிண்ணம்.
ஊரில் கடைகள் எரிந்ததற்கு அடுத்த மார்ச்சில்
மதில்மேல் புது முள்கம்பி.
பிறகொரு மின்வெட்டு நாள்:
எமர்ஜென்சி விளக்கில் டாக்டரின் பாதி முகம்,
விலை கேட்கக் காத்திருந்த பாதி.

முப்பத்தாறு படம் பிடிக்கும் சுருள்.
எனக்கு வயது ஐம்பத்தெட்டு.

இந்த மார்ச்சில் இரண்டு லட்சத்து எண்பது.
"ஹாங்காங்கில் ஆள் இருக்கிறது, படையாச்சி.
பயன்படுத்தாதது என்று உங்கள் கையெழுத்து மட்டும் வேண்டும்."
கேமராவின் தலையில், குன்றிமணி அளவு வட்டத்தில்,
முள் எட்டில் நின்றது.
அவர் பார்த்ததில்லை.
விலையைத் தவிர வேறு எண்ணை அவர் அதில் தேடியதில்லை.

"கொஞ்சம் தனியாகப் பார்க்கணும், டாக்டர்."
கதவைச் சாத்திவிட்டுச் சுருளைப் பின்னோக்கிச் சுற்றினேன்.
கரகரவென்று,
இவ்வளவு விலைக்கு இவ்வளவு மலிவான சத்தம்.
சமையலறைப் பக்கக் கதவு மறந்துபோயிற்று.
நிமிர்ந்தால் நவமணி அம்மாள், கையில் டீத் தட்டு.

சொல்வதற்கு எனக்கு ஒன்றும் வரவில்லை.
வெளியே டாக்டர் ஹாங்காங்கோடு
தொகை தொகையாகப் பேசிக்கொண்டிருந்தார்.
அம்மாள் தட்டை வைத்தார்.
என் உள்ளங்கையிலிருந்த சுருளைப் பார்த்தார்.

"இதிலே நான் இருக்கேனா?"

"மூன்றாவதில்" என்றேன். "பலாப்பழத்தோடு."

"அந்தப் பழம் ருசியே இல்லை" என்றார்,
இரண்டு ஸ்பூன் சர்க்கரை போட்டுக் கலக்கியபடி.