மூன்று நாள் கூலி

நாகலூர் போகும் வழியில், மிளகுக்கொடி ஏறிய ஷெட்டில்
இருபத்தாறு மழைக்காலம் நின்றிருந்தது
ஸ்டாண்டர்டு ஹெரால்டு.
பானெட் முன்பக்கமாகக் கவிழ்ந்து திறக்கும் வண்டி;
சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம்.
கொண்டலாம்பட்டியிலிருந்து டிவிஎஸ் ஃபிஃப்டியில் மலையேறி வந்த
அர்த்தனாரி அப்படித்தான் உட்கார்ந்தார்.
"கடைசியா ஓடறப்ப என்னங்க கோளாறு?"

தெரியாது என்றேன்.

ஏர் கிளீனருக்குள் எலிக்கூடு.
சில்வர் ஓக் சருகு, சீட்டுப் பஞ்சு,
எல்ஐசி ரசீது ஒன்றின் பொடிந்த ஓரம்.
நாலு பிளக்கையும் கழற்றி
துளைக்கு ஒரு மூடி, டீசலும் ஆயிலும் கலந்து ஊற்றிவிட்டு
"ஊறட்டும்" என்று களத்துப் பக்கம் போய் பீடி பற்றவைத்தார்.
டேங்கில் பெட்ரோல் இல்லை,
பெட்ரோல் இருந்த இடத்தில் வார்னிஷ் வாசம்.
சம்ப்பிலிருந்து இறங்கிய ஆயில்
காய்ச்சி மறந்த வெல்லப்பாகாகத்
தயங்கித் தயங்கிச் சட்டியில் விழுந்தது.

இரண்டாம் நாள் டாப் கியரில் போட்டு
வண்டியையே முன்னும் பின்னும் ஆட்டினோம்,
நிலைப்படியில் சிக்கிய பீரோவை ஆட்டுவதுபோல்.
இல்லை.
இல்லை.
இல்லை.
பிறகு எங்கோ உள்ளே, நக அகலத்துக்கு,
ஒரு சரி.

துரு. மலை ஈரம். பிஸ்டன் பிடித்துக்கொண்டது.
யார் மேலும் குற்றமில்லாத கோளாறு.
இப்படி ஒன்று கிடைக்கும் என்று நம்பித்தான்
மூன்று நாள் கூலி பேசியிருந்தேன்.
அன்று இரவு அர்த்தனாரிக்கு
இரண்டு முட்டை தோசை கூடுதலாக வாங்கினேன்.

மூன்றாம் நாள்
உத்தரத்தில் குளுக்கோஸ் பாட்டில் மாதிரி பெட்ரோல் தொங்கியது.
புது பேட்டரி. எஞ்சின் சுற்றியது, கரண்ட் வரவில்லை.
டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்தவர்
வெகுநேரம் பேசவில்லை.
"ரோட்டர் இல்லீங்க."
எலியா இருக்குமோ என்றேன்.
"எலி தூக்கிட்டுப் போவுமுங்க.
திருப்பிக் கிளிப் மாட்டாதுங்க."

கைப்பையின் ஜிப் வைத்த உள்ளறையில் இருந்தது.
கட்டைவிரல் பருமன், கறுப்பு பேக்கலைட், நுனியில் பித்தளை.
ஜியோமெட்ரி பாக்ஸில் ஐந்து வருடம்,
ஹாஸ்டல் பெட்டியில் ஐந்து,
பிறகு வீடு மாறிய ஒவ்வொரு முறையும்
பால் பாத்திரத்துக்கு முன்னால் அதுதான் உள்ளே போயிற்று.

லீ பஜாரில் வண்டியை நிறுத்தும்போதெல்லாம்
அப்பாவே அதைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார்.
"இது இல்லாம எவனும் எடுத்துட்டுப் போக முடியாது."
எவனும் என்றால் அவரும்தான் என்று
பதினோரு வயதில் கணக்குப் போட்டேன்.

சூட்கேஸ் டிக்கியில். வாசல் முழுக்கப் பனி.
நாற்பது தடவை செல்ஃப் அடித்தார்.
இறங்கினார். பானெட்டைக் கவிழ்த்தார்.
மூடியைத் திறந்து பார்த்தார்.
சமையலறை ஜன்னலைப் பார்த்தார்,
அதாவது என்னை.
மூடினார்.
ஒரு கிளிப்.
இன்னொரு கிளிப்.
ஆறு பத்து பஸ் டீசல் வண்டி.
டீசல் வண்டிக்கு ரோட்டர் கிடையாது.

இதெல்லாம் அர்த்தனாரியிடம் சொல்லவில்லை. நீட்டினேன்.
வாங்கி, தீப்பெட்டியின் மருந்துப் பக்கத்தில் நுனியைத் தேய்த்து,
என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:
"வண்டிக்குள்ளயே கெடந்துச்சாட்ட இருக்குதுங்க."
ஆமாம் என்றேன்.

பிறந்த வரிசையில் வெடிக்காதாம் நாலு சிலிண்டரும்.
ஒன்று. இருமல். மறுபடி ஒன்று.
ஒன்று, மூன்று, நான்கு;
இரண்டு மட்டும் எதற்கோ முறைத்துக்கொண்டு நின்று
பிறகு சேர்ந்துகொண்டது.
நீலப் புகை காப்பிச் செடிகளுக்குள் இறங்கிப் போனது.
சைலன்சர் ஒரு கை சருகைத் துப்பியது.

பிரேக் இல்லை. கீழே இருபது கொண்டை ஊசி வளைவு.
எங்கும் போக முடியாமல்
நின்ற இடத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது வண்டி.
ஸ்க்ரூ டிரைவரைக் கார்புரேட்டரில் வைத்தபடி
"சத்தம் சாஸ்தி, கால் சுத்து கொறைக்கட்டுங்களா?" என்றார்.

கொஞ்ச நேரம்
இப்படியே இரையட்டும் என்றேன்.