கால் அங்குல ஆட்டம்

ஹெமிங்ஃபோர்டில் எல்லோருக்கும் தெரியும்,
இந்த அறுபத்தைந்தாம் வருஷத்து ஃபோர்டுக்கு
இரண்டாம் கியர் தானாக விழாது.
முதலிலிருந்து தூக்கும்போது
ஸ்டியரிங் கம்பத்தடியில் இரண்டு நெம்புகோல்களும்
ஒரே வாசலில் ஒரே நேரத்தில் நுழைந்த
தடியர்கள் மாதிரி சிக்கிக்கொள்ளும்.
இறங்கவேண்டும். பானெட்டைத் திறந்து
ஸ்க்ரூ டிரைவரால் ஒரு நெம்பு.
பின்னால் நிற்கும் பீட் கிழங்கு லாரிக்காரன்
ஹாரன் அடிக்கமாட்டான்,
தெர்மாஸைத் திறப்பான்.

வென்டல் பதினோரு வருஷம் அப்படித்தான் ஓட்டினான்.
பிரியும்போது வீட்டைக் கேட்டான், கொடுத்தேன்.
வண்டியைக் கேட்டான்.
ஸ்க்ரூ டிரைவர் என்னுடையது என்றேன்.

போன அக்டோபரில் எவனோ அதைத் திருடினான்.
நானூறு அடி.
லூத்தரன் கோயில் முன்னால் கதவு திறந்தபடி,
முதல் கியரில் உறுமி அடங்கிய சூட்டோடு நின்றது.
இருக்கையில் ஓர் இடது கையுறை.
டெபுடி டால்பெர்க் சிரித்த சிரிப்பில்
புகார்த்தாள் நனைந்துவிட்டது.

பிறகு ஜனவரியில்
தண்டவாளத்தின்மேல் சிக்கியது.
நிலக்கரி ரயில் தூரத்தில்தான் இருந்தது,
பானெட்டைத் திறக்க நேரமிருந்தது,
ஸ்க்ரூ டிரைவரைப் பனியில் தவறவிட்டுத்
தேடவும் நேரமிருந்தது.
அதற்குமேல் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை வண்டிக்கடியில் படுத்தேன்,
இடது கையில் திருடனின் கையுறை.
காட்டர் பின் துருவாய் உதிர்ந்தது.
வட்டமாய் இருந்த துளை
முட்டையாய்த் தேய்ந்திருந்தது.
புஷ் இருக்கவேண்டிய இடத்தில்
ஒரு துண்டுத் தோல்,
நடுவில் பெல்ட்டின் கடைசி ஓட்டை.
ஒரு கோடைகாலம் முழுக்க
பேண்ட்டைப் பிடித்தபடியே நடந்தான் அவன்.
ஏன் என்று நான் கேட்கவில்லை.
இளைத்துவிட்டான் என்று நினைத்தேன்,
அதற்கும் ஒன்றும் சொல்லவில்லை.

ருஸிச்கா வீட்டு ஈவா வெல்டரோடு வந்தாள்.
பாசனக் குழாய் ஒட்டுகிற கை.
துளையை நிரப்பினாள், மறுபடி துளைத்தாள்.
"இத்தனை நாள் எப்படி ஓட்டினே?"
"இறங்கி இறங்கி."
நைலான் புஷ், நாலு டாலர் எண்பது சென்ட்.
இரண்டு நெம்புகோல்களையும் நியூட்ரலில் நேராக்கி
நடுவே ஒரு ட்ரில் பிட்டைச் செருகி
நட்டை முடுக்கினோம்.
அவள் கிளம்பும்வரை பிட்டை எடுக்க மறந்துவிட்டு
கியர் அசையவில்லையே என்று
கால் மணி நேரம் திட்டினேன்.

இப்போது முதலிலிருந்து இரண்டுக்கு
வெண்ணெயில் கத்தி.
ஆட்டம் நின்றுவிட்டது.
ஆனாலும் நாற்சந்தியில் என் இடது கை
தானாகக் கதவைத் திறக்கிறது;
லாரிக்காரன் தெர்மாஸை எடுத்துவிட்டு
என்னைப் பார்க்கிறான்,
ஏதோ தவறு செய்தவள்போல் நான் நகர்கிறேன்.

அலையன்ஸ் கடையில் இன்று
ஸ்டியரிங்குக்கு ஒரு பூட்டு வாங்கினேன்.
முப்பத்தோரு டாலர்.
தோல் துண்டு சாம்பல் கிண்ணத்தில் கிடக்கிறது,
கையுறையோடு.
இரண்டில் எதைத் திருப்பிக் கொடுப்பது,
யாருக்கு என்று
யோசிப்பதற்குள்
மூன்றாம் கியர் விழுந்துவிடுகிறது.