பதினாலு சாம்பல் பெட்டி

உப்புவெளிப் படகிலிருந்து சவாஹிர் நானா அனுப்பிய
பதினாலு படமும் அவர் போனில் நீந்தியவைதான்.
பக்கத்தில் ஏற்றியதும்
பதினாலு சாம்பல் பெட்டி,
மூலையில் கிழிந்த காகிதம்.

"நாலு திமிங்கிலம் கண்ட நாங்க,
ஒண்டும் தெரியுதில்லியே தங்கச்சி."

ஹெய்க். ஐபோன் தனக்குள் பேசும் பாஷை,
எல்லா பிரவுசருக்கும் விளங்காது.
வால் தூக்கிய கணத்தை ஜேபெக்கில் இறக்கினேன்,
தரம் எழுபத்தைந்து.
கடல் கொஞ்சம் இழந்தது. முறையிடவில்லை.

முறையிட்டது படகின் பெயர்.
'ஹயாத்தும்மா': எழுத்தோரமெல்லாம் அழுக்கு நுரை,
பின்னால் ஒரு வெள்ளைச் சதுரம்
காயத்துக்கு ஒட்டிய பிளாஸ்டர் மாதிரி.
அதை மட்டும் மூல வரைபடத்திலிருந்து
பிஎன்ஜியாக எடுத்தேன்.
எழுத்துகளுக்கு நடுவால் தண்ணீர் தெரிந்தது.

நானாவுக்கு ஆசை ஜிஃப்:
வால் எழும், விழும், திரும்ப எழும்.
இருநூற்றைம்பத்தாறு நிறத்துக்குள்
சுவாமிமலைக்கு அப்பாலுள்ள நீலம் அடங்குமா?
படிப்படியாய் உடைந்தது. வேண்டாம் என்றேன்.
இரண்டு நாள் பேச்சில்லை.

மூன்றாம் நாள் நடுக்கடலில் இருந்து அழைப்பு,
ஒற்றைக் கோடு சிக்னல்.
"மங்கலா என்னமோ கிடக்கு..."
கொஞ்சம் பொறுங்க, என்றேன்.
இரைச்சல். எஞ்சின். யாரோ ஒரு ஜெர்மன்காரரின் சிரிப்பு.
"வால்!"
பிறகு, மெதுவாக:
"இங்கயும் இப்பிடித்தான் தங்கச்சி வாறது."