மேற்படி

செவ்வாய்க்கிழமை பால் லாரிக்கு ஓய்வு.
ஷெபாய்கன் நூலகத்தின் கீழ்த்தளத்தில்
நுண்படச் சுருளைச் சுற்றிக்கொண்டிருப்பேன்.
நூலகர் மேவிஸ் ஓல்ஸெவ்ஸ்கி
வரிப் படிவம் நிரப்ப வருகிறவர்களுக்குப்
பென்சில் சீவித் தருவாள்.
எனக்கும் ஒன்று.

எட்டு வருடமாகத் தேடியது
குவாண்ட் என்ற பெயரை.
குவாந்த், குவான், காண்ட்,
ஒருமுறை ஸ்வான்.
எழுதியவன் காதில் துறைமுகம் இரைந்திருக்கும்,
சொன்னவன் வாயில் பல் குறைந்திருக்கும்.
ஒவ்வொரு பிழையையும் அட்டையில் குறித்து
பூட்ஸ் டப்பாவில் அடுக்கினேன்.
செத்தவர்களுக்கு வருகைப்பதிவு எடுக்கிறாயா
என்றாள் ஜோலீன்.
கட்டியவள், கேட்கலாம்.

கப்பல் எலிஸா தோர்மான்.
பாய்மரம். ஹாம்பர்கிலிருந்து நாற்பத்தொன்பது நாள்.
கீழ்த்தட்டில் இருநூற்று முப்பது பேர்.
நியூயார்க்கில் இறங்கும்போது கொடுத்த பட்டியல்
போன டிசம்பரில் திரையில் வந்து நின்றது.

ஃபிரீட்ரிஷ் குவாண்ட், முப்பத்து நாலு,
உழவுக் கூலி, பொமரேனியா.
டோரத்தேயா, மேற்படி, முப்பது.
கார்ல், மேற்படி, ஆறு.
அகுஸ்டே, மேற்படி, பதினொரு மாதம்,
ஓரத்தில் ஒரு சிலுவை.
அதற்கு மட்டும் பேனாவை மறுபடி மையில் தொட்டிருக்கிறான்.
அதற்கும் கீழே
உல்ரிக்கே, மேற்படி, பத்தொன்பது.

மேற்படி என்பது நான் படிக்கிற விதம்.
தாளில் இருப்பது இரண்டு கீறல்,
கொசுவின் கால்போல.

உல்ரிக்கே எங்கள் வழி.
ஃபிரீட்ரிஷின் தங்கை என்று சொல்லி வளர்த்தார்கள்.
வந்த இரண்டாம் வருடம் அவளுக்கு ஒரு மகன்.
அவன் அப்பன் பெயர் எந்தத் தாளிலும் இல்லை.
அதனால் அம்மா பெயர்தான் எங்களுக்கு இறங்கியது,
அஞ்சல் பெட்டிக்கு, லாரிக் கதவுக்கு,
என் மகளின் கூடைப்பந்துச் சட்டை முதுகுக்கு.

ஹாம்பர்க்காரர்கள் ஏறும்போதும் ஒரு பட்டியல் எழுதினார்கள்.
அது மார்ச்சில் கிடைத்தது. கொக்கி கொக்கியான கையெழுத்து.
எழுத்துக் கூட்டிப் படிக்க இரண்டு செவ்வாய் ஆயிற்று.
குவாண்ட் குடும்பம் நாலு பேர்.
உல்ரிக்கே அதில் இல்லை.
பதினாலு வரி தள்ளி, ஒரு கொல்லனுக்கும்
தறிக்காரன் மனைவிக்கும் நடுவில் இருந்தாள்:
உல்ரிக்கே வெண்ட்லாண்ட், பத்தொன்பது, பண்ணை வேலைக்காரி,
தனியாக.

எல்பே ஆற்றில் வெண்ட்லாண்ட்.
ஹட்ஸன் ஆற்றில் குவாண்ட்.
நடுவில் இருந்தது தண்ணீர்.

கணக்கன் சோம்பேறியாக இருந்திருக்கலாம்.
வரிசையில் அவர்களுக்குப் பின்னால் நின்றாள்,
கை தன்பாட்டுக்குக் கீறிவிட்டது.
அல்லது அகுஸ்டேவைத் துணியில் சுற்றிக்
கடலில் இறக்கிய இரவு
டோரத்தேயாவின் பக்கத்தில் இவள் உட்கார்ந்திருந்தாள்;
விடிந்தபின் எழுந்து போகவில்லை.
அல்லது ஒரு வெண்ட்லாண்ட் தேடி வருவான் என்று பயம்.
மூன்றையும் அட்டையில் எழுதினேன்,
மூன்றையும் டப்பாவில் போடவில்லை.

தலையெழுத்து என்பார்கள்.
இது எழுத்துகூட இல்லை.

பொமரேனியாவின் ஏதோ ஒரு சர்ச்சில்
இருநூறு வருடக் குவாண்டுகளை
ஞானஸ்நானம் ஞானஸ்நானமாகச் சேர்த்திருந்தேன்.
அவர்களில் ஒரு காது மடல்கூட என்னுடையதில்லை.
மேவிஸ் விளக்கை அணைக்க வந்தாள்.
கிடைத்தாரா என்றாள்.
கிடைத்தார்கள், வேறு யாருக்கோ, என்றேன்.

ஜோலீனிடம் சொன்னேன்.
கரண்டியை வைத்துவிட்டு யோசித்தாள்.
அப்படியானால் நானும் நீயும்
ஒரே மாதிரிதான் குவாண்ட் ஆனோம் என்றாள்.
பிறகு உருளைக்கிழங்கு தீய்கிறது என்றாள்.

புதன் அதிகாலை, பனிச்சேறு.
முதல் பண்ணையில் பால் முப்பத்தேழு டிகிரி.
வண்டிக் குறிப்பேட்டில்
ஓட்டுநர் என்ற கட்டத்தின் கீழ் முழுப் பெயர் எழுதினேன்,
மார்வின் குவாண்ட்.
இரண்டாவது பண்ணை, நீஹௌஸ்காரர்கள்.
நாய் குரைத்தது, குழாயை மாட்டினேன்,
தொட்டி நிரம்பும் சத்தம் கேட்டுக்கொண்டே
பேனாவை எடுத்தேன்.
கை தானாக
இரண்டு கீறல் போட்டது.